சதுப்புநிலக் காப்பகத்துக்கு முதல்முறை போகிறீர்களா?

சதுப்புநிலம் பார்க்கப் போய்விட்டு, "ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீரும் சேறும்தான்" என்று திரும்பி வருபவர்கள் நிறைய. பெரும்பாலும் இடத்தின் மேல் குறை இருக்காது; போன நேரம்தான் சரியில்லை. அதனால் நேரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1. கிளம்பும் முன் தண்ணீரைக் கவனியுங்கள்

போகிற இடம் கடலோரமா, உள்நாடா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உள்நாட்டு ஏரி, சதுப்பு என்றால் சுலபம். விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரம், இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு. நடுப்பகலில் பல பறவைகள் நிழலில் ஒடுங்கிவிடும். சூட்டில் காற்று அலைவதால் தொலைவில் இருப்பதும் கலங்கலாகத் தெரியும்.

கடலோரமோ கழிமுகமோ என்றால் கடிகாரத்தை விட ஓதம்தான், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதுதான், முக்கியம். பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் ஏறும். அதனால் அந்த நேரம் தினமும் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். நீர் வற்றிக் கிடக்கும்போது சேற்றுப்பரப்பு வெகுதூரம் விரிந்திருக்கும்; பறவைகளும் சிதறிப் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். நீர் ஏற ஏற நிற்க இடமில்லாமல் கரைப்பக்கம் ஒதுங்கும். எனவே உயர் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். காப்பகத்துக்கு மிக அருகில் இருக்கும் துறைமுகத்தின் அட்டவணையைப் பாருங்கள்.

2. பைனாகுலரை வீட்டிலேயே சரிசெய்யுங்கள்

தொப்பி, தண்ணீர், கொசு விரட்டி, மங்கிய நிறச் சட்டை. மற்றவற்றுக்கு இவ்வளவு போதும். பைனாகுலருக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதில் 8×42 என்று இருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். புதியவர்களுக்கு இதுவே என் தேர்வு. பத்து மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகிவிடும்.

தொலைவில் உள்ள ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் உள்ள சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்து தெளிவாகத் தெரியும்படி வையுங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். இனி அந்த வளையத்தைத் தொட வேண்டியதே இல்லை. கண்ணாடி போடுபவர்கள் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிவிடுங்கள்.

3. பார்வையாளர் மையத்தைத் தாண்டி ஓடாதீர்கள்

கழிப்பறைக்கும் வரைபடத்துக்கும் மட்டும் நுழைந்து வெளியேறுகிற இடம் இல்லை இது. அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பணியில் இருப்பவரிடம் கேளுங்கள்: இன்று பறவை பார்க்கும் எந்தக் குடிலில் பறவைகள் அருகில் தெரிகின்றன? எந்தப் பாதை மூடியிருக்கிறது? நீர் ஏறும்போது அவை எங்கே ஒதுங்கும்? அன்றாடம் அந்த இடத்தைப் பார்ப்பவரின் ஒரு வரி, எந்தக் கையேட்டை விடவும் பயன்படும். சமீபத்தில் கண்ட பறவைகளை எழுதி வைக்கும் பலகை இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்சிக்கூடத்தில் அலகுகளைப் பற்றி ஏதாவது இருந்தால் அங்கே நில்லுங்கள். குட்டை அலகு உள்ள உப்புக்கொத்தி சேற்றின் மேலே ஓடி ஓடிக் கொத்தும். மூக்கன் நீண்ட அலகை உள்ளே செருகித் துழாவும். உள்ளானின் அலகு நுனி உணர்ச்சி மிகுந்தது. கண்ணுக்குத் தெரியாத புழுவைச் சேற்றுக்குள்ளேயே தொட்டு அறியும். பூநாரை தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டும். ஒரே சேற்றுப்பரப்பு இத்தனை பேருக்கும் சோறு போடுவது இப்படித்தான். இதைத் தெரிந்துகொண்டு வெளியே போனால், பெயர் தெரியாத பறவையும் என்ன செய்கிறது என்று புரியும்.

சுவரில் 'ராம்சார்' என்ற சொல் கண்ணில் படலாம். 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஈரநில ஒப்பந்தம் அது. அதனால்தான் பிப்ரவரி 2 உலக ஈரநில நாள்.

4. குடிலுக்குள்

நீளவாக்கில் திறப்பு வைத்த மரக்குடில்கள் இருக்கும். கதவை மெதுவாகச் சாத்துங்கள், கையை வெளியே நீட்டாதீர்கள். முதலில் வெறும் கண்ணால் இடமிருந்து வலமாகப் பாருங்கள். அசைவு தெரிந்தால், கண்ணை எடுக்காமலே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். ஐந்து குடில்களுக்கு ஓடுவதை விட ஒரே குடிலில் ஒரு மணி நேரம் உட்காருவதே மேல் என்பேன்.

பாதையில் போகும்போது ஒரு பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால், அங்கேயே நின்றுவிடுங்கள். இன்னும் ஓரடி வைத்தால் பறந்துவிடும். ஃபிளாஷ் வேண்டாம், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். 2022-இல் பிறந்து சில மாதங்களே ஆன ஒரு பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாளில் சுமார் 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் பறந்தது. இப்படிப்பட்ட பயணத்துக்கான கொழுப்பு முழுவதும் சேற்றில் மேய்ந்து சேர்ப்பதுதான். நாம் ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது.

5. பார்த்ததைப் பதிவு செய்யுங்கள்

இடம், தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எந்தப் பறவை எத்தனை. இதைக் குறித்துக்கொண்டு, 2002-இல் தொடங்கிய இ-பேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் இலவசமாக ஏற்றலாம். அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதுங்கள். சாதாரணக் காகத்தையும் விடாதீர்கள், ஆய்வாளர்களுக்கு முழுப் பட்டியல்தான் அதிகம் உதவும். ஏதாவது பறவையின் காலில் வண்ண வளையமோ சிறு கொடியோ தெரிந்தால் நிறம், எழுத்து, எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா என்று குறித்துக்கொண்டு மையத்தில் சொல்லுங்கள். அந்தப் பறவைக்கு எங்கே வளையம் போட்டார்கள் என்பதை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.