வி.ஆர். உலகில் நடக்க வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு

ஹெட்செட் மாட்டி ஆடும் வி.ஆர். (மெய்நிகர் உலக) விளையாட்டு ஏதாவது உருவாக்குகிறீர்களா? கண்ட்ரோலரின் கட்டைவிரல் குச்சியை முன்னால் தள்ளினால் விளையாடும் ஆள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பலர் தலை பார்க்கும் திசையையே வைத்துவிடுகிறார்கள். அப்புறம் தெருவில் நடந்துகொண்டே பக்கத்துக் கடையை எட்டிப் பார்த்தால் ஆளும் கடைக்குள் போய் நிற்பார். இடது கை காட்டும் திசையை வைத்துப் பாருங்கள். நிஜத்தில் நடப்பது போல, கண் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும்.

தலைசுற்றலுக்குப் பெரிய காரணம் குச்சியால் திரும்புவதுதான். சுழல்கிறோம் என்று கண் சொல்லும், இல்லை என்று உடம்பின் சமநிலையை உணரும் உள்காது சொல்லும். அதனால் மெதுவாகச் சுழற்றாமல் 30 அல்லது 45 டிகிரி படக்கென்று திருப்புங்கள். குச்சி நடுவுக்கு வந்த பிறகே அடுத்த திருப்பம். இல்லையென்றால் ஒரே தள்ளலில் ஆள் பம்பரம்தான்.

நகரும்போது மட்டும் பார்வையின் ஓரங்களை மெல்ல இருட்டாக்குவதும் உதவும். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

சரி, சோதனைக்கு உங்களை நம்பாதீர்கள், உங்கள் உடம்பு பழகியிருக்கும். ஹெட்செட்டே மாட்டாத ஒருவரிடம் கொடுங்கள். முகம் வெளிறினால் உடனே கழற்றிவிடுங்கள்.