தெருவில் எடுத்த நாய்க்கு நிலையான வீடு தேடுவது எப்படி?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் வாய்க்காலுக்குள் கிடந்த ஒரு பெட்டைக் குட்டியை எடுத்து வந்தோம். எங்கள் வளவில் ஏற்கெனவே மூன்று நாய்கள். அதற்குச் சரியான வீடு இரண்டாம் முறைதான் கிடைத்தது. முதல் முறை பிழை விட்ட இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1. மருந்தும் கருத்தடையும்

பூச்சி மருந்து, உண்ணி மருந்து, விசர்நாய்த் தடுப்பூசி, பார்வோ (குட்டிகளைக் கொல்லக்கூடிய வைரஸ் வயிற்றோட்டம்) தடுப்பூசி. மிருக வைத்தியர் தரும் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். எல்லோரும் முதலில் கேட்பது "கடுவனோ, பெட்டையோ?" என்றுதான். சினைக்காலம் சுமார் 63 நாட்கள்தானே, குட்டிகளை யார் பார்ப்பது என்ற பயம். ஆறு மாதமளவில் கருத்தடை செய்துவிட்டுத் தேடினால் அந்தப் பேச்சே எழாது.

2. அறிவித்தல்

படத்தை விட, நாய் நடந்து வரும் சின்ன வீடியோ நல்லது. குறையையும் எழுதுங்கள். எங்களுடையது கோழியைத் துரத்தும். அதை மறைத்தால் கோழி வளர்க்கும் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

3. வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்

முதல் முறை, நாயைக் கேட்ட வீட்டு மகனோடு போனில் மட்டும் பேசினேன். உயர்ந்த மதில், பெரிய வளவு, அது போதும் என்று நினைத்தேன். மூன்று கிழமை கழித்துப் போனால், கிணற்றடியில் கட்டைச் சங்கிலியில் கட்டிக் கிடக்கிறது. "நான் அண்டைக்கே வேண்டாமெண்டு சொன்னனான் தம்பி" என்றார் அந்த அம்மா. மகன் காலையில் வேலைக்குப் போனால் இரவில்தான் வருவார். நாயோடு பகல் முழுக்க இருக்க வேண்டியவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றே கூட்டி வந்துவிட்டேன்.

இப்போது எல்லோரும் வீட்டில் நிற்கும் நேரம் பார்த்து, நாயையும் கொண்டே போகிறேன். சோறு வைக்கப் போவது யார் என்று கேட்டு, அவரோடுதான் கூடுதலாகப் பேசுவேன். அப்புறம் படலையின் கீழ் இடைவெளி, வேலிப் பொட்டு. கடைசியாக, நம் ஊரில் கட்டாயம் கேட்க வேண்டியது: "வெளிநாட்டு அலுவல் ஏதும் நடக்குதோ?" விசா வந்து குடும்பம் புறப்பட்ட பிறகு பூட்டிய படலைக்கு வெளியே காத்துக் கிடக்கும் நாய்களை நான் பார்த்திருக்கிறேன். தயங்காமல் கேளுங்கள்.

4. இரண்டு கிழமை பழக விடுங்கள்

அது படுத்த சாக்கையும் கூடவே கொடுங்கள், மணம் பழகியது. முதல் சில நாள் சாப்பிடாமல் மூலையில் கிடக்கலாம். பழைய வீட்டைத் தேடி ஓடப் பார்க்கும், அவிழ்த்து விடக் கூடாது. வெளியே கூட்டிப்போகக் கழுத்துப்பட்டியை விட நெஞ்சைச் சுற்றும் ஹார்னஸ்தான் என் தெரிவு. பயந்த நாய் பின்னுக்கு இழுத்தால் கழுத்துப்பட்டி தலை வழியாகக் கழன்றுவிடும்.

பிற்சேர்க்கை: இதை வாசித்துவிட்டு இருவர் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள். கோயில் திருவிழா வெடிச் சத்தத்துக்குப் புது நாய் மதில் பாய்ந்து ஓடிவிட்டதாம். பக்கத்துக் கோயிலில் கொடியேறியிருந்தால் கொடுப்பதைத் தள்ளிப் போடுங்கள். பட்டியில் போன் நம்பர் எழுதிய தகடும் இருக்கட்டும்.

எங்கள் குட்டி இப்போது உரும்பிராயில் ஓர் ஆச்சியோடு இருக்கிறது. கொடுக்கும்போது அவரிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: என்றைக்காவது பார்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் எனக்கு ஒரு கோல் எடுங்கள், நானே வந்து கூட்டிப்போகிறேன்.