பாடத்தைக் கடைசியிலிருந்து திட்டமிடுங்கள்

புதிய பருவத்துக்குத் தயாராகும் மதுரைக் கல்லூரி ஆசிரியர்களே, முதல் அலகிலிருந்து திட்டமிடத் தொடங்காதீர்கள். பருவம் முடியும்போது மாணவர் எதைத் தாமே செய்து காட்ட வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். 'அறிவார்', 'புரிந்துகொள்வார்' என்று எழுதினால் அதைச் சோதிக்க வழியில்லை.

தமிழக வரலாறு நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'மாங்குளம் கல்வெட்டின் மசிப்படியில் (கல்வெட்டின்மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படி) நெடுஞ்செழியன் பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்பார். அந்தப் பெயரைக் கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என விளக்குவார்' என்று எழுதிப் பாருங்கள். தேர்வு அதிலேயே பிறந்துவிடும்: வகுப்பில் காட்டாத அழகர்மலைக் கல்வெட்டு ஒன்றைக் கொடுத்து அதே வேலையைச் செய்யச் சொல்லலாம். அதற்குத் தமிழி (இந்தக் கல்வெட்டுகளில் உள்ள பழந்தமிழ் எழுத்து) எழுத்துப் பயிற்சி வேண்டும், சான்றை எடைபோடும் விவாதம் வேண்டும். அரசர் பட்டியலை ஒப்பிக்க வைக்கும் வகுப்புகளைத் தயங்காமல் குறையுங்கள். என்னைக் கேட்டால், எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் இதில் மிகக் கடினமான வேலை.

இணைப்புக் கல்லூரிகளில் பாடத்திட்டத்தை மாற்ற ஆசிரியருக்கு உரிமை இல்லைதான். ஆனாலும் நடத்தும் வரிசையும், பயிற்சிப் பணிகளும், அகமதிப்பீட்டுக் கேள்விகளில் பெரும்பகுதியும் நம் கையில்தான் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்கலாம்.

நான்காவது வாரத்தில் ஒரு துண்டுத்தாளில், பெயர் எழுதாமல், 'எது விளங்கவில்லை?' என்று மட்டும் கேளுங்கள். மாற்ற வேண்டியதை அந்தப் பருவத்திலேயே மாற்றிவிடலாம். அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம்.