உப்புக்காற்றில் நைலான் மோல்டிங்: எங்கே தவறு நடக்கிறது?

மண்டபம், பாம்பன் பக்கம் கண்ணாடி இழை கலந்த நைலானில் படகுக் கப்பி, உருளை வார்க்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது மெஷின் எத்தனை டன் விசையில் அச்சை இறுக்கும் என்று. நைலான் குருணையை உலர்த்தும் டிரையர் என்ன வகை என்று யாரும் கேட்பதில்லை. பாதித் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நைலான் ஈரத்தை உறிஞ்சும். இந்தக் கடலோரத்தில் மூட்டையைப் பிரித்து வைத்தாலே போதும். ஈரக் குருணை, அதை உருக்கும் பேரலில் 250 டிகிரியைத் தாண்டும்போது, உள்ளே இருக்கும் தண்ணீர் நைலானின் மூலக்கூறுச் சங்கிலியையே அறுத்துவிடும். வெளியே தெரிவது வெள்ளிக் கோடுகள் மட்டும். அதைப் பார்த்ததும் ஆபரேட்டர் சூட்டைக் கூட்டுவார். சேதம் இன்னும் கூடும்.

சாதாரண ஹாட் ஏர் டிரையரை நம்ப வேண்டாம். அது சூடாக்கி ஊதுவதும் இதே ஈரக்காற்றைத்தானே? காற்றின் ஈரத்தை நீக்கிவிட்டு ஊதும் டிஹியூமிடிஃபையிங் டிரையரில் 80 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம் காய வைத்து, ஈரத்தை 0.2 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். காய்ந்ததை மெஷினுக்குக் குருணை ஊட்டும் திறந்த ஹாப்பரில் கொட்டிவிட்டுச் சாப்பிடப் போனால் கரண்ட் செலவுதான் மிச்சம்.

ஒரு பொருளை வார்த்தெடுக்கும் சைக்கிள் நேரத்தைக் குறைக்க டைக்குள் (வார்ப்பு அச்சுக்குள்) சில்லரில் குளிர்ந்த தண்ணீரை ஓட விடுவது இன்னொரு தவறு. இங்குள்ள காற்றுக்கு டையின் முகம் வியர்த்துவிடும். அதோடு, குளிர்ந்த டையில் இழை மேலே வந்து பொருள் நரைத்துத் தெரியும். கண்ணாடி நைலானுக்கு டை 80 டிகிரியை ஒட்டி இருப்பது நல்லது. உப்பு கலந்த போர் தண்ணீரை டைக்குள் விடவே விடாதீர்கள். துவாரங்கள் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். லீவு நாளுக்கு முன் துருத்தடுப்பு ஸ்பிரே அடிக்காத டை, திரும்பி வரும்போது பழுப்பேறி இருக்கும்.

உருகல் ஓடும் வழியில் உறையும் ரன்னர் கழிவை அரைத்துக் கலப்பது தப்பில்லை, ஆனால் ஒவ்வொரு அரைப்பிலும் இழை குட்டையாகும். பாரம் தாங்கும் கப்பிக்கு அதைச் சேர்க்காமல் இருப்பதே என் கட்சி.

கப்பி விரிசல் விட்டால், விரிசல் விழுந்த இடத்தைப் பாருங்கள். ஓரத்தில் ஒரே கேட் (உருகல் நுழையும் வாய்) வைத்திருந்தால் உருகல் துளையைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து எதிர்ப்புறத்தில் சேரும். அந்தச் சேர்க்கைக் கோட்டை இழைகள் பெரும்பாலும் தாண்டுவதில்லை, அங்கேதான் பிளக்கும். வட்டப் பொருளுக்கு நடுவில், சுற்றிலும் ஒரே நேரத்தில் உருகலை விடும் டயஃப்ரம் கேட் வைத்தால் இந்தக் கோடே விழாது.

மெஷினிலிருந்து வந்த கையோடு சுத்தியலால் அடித்துச் சோதிப்பவர்களும் உண்டு. காய்ந்த நைலான் அப்போது நொறுங்கத்தான் செய்யும். குருணைக்கு ஆகாத ஈரம், வார்த்த பொருளுக்கு வேண்டும். தண்ணீரில் ஊறவிட்டு ஈரம் ஏறிய பிறகு அடித்துப் பாருங்கள். ஈரம் ஏறினால் அளவும் மாறும், எனவே தண்டு நுழையும் துளையை அதன் பிறகு அளந்து பார்த்தே டை அளவை முடிவு செய்யுங்கள்.