கோ ஆட்டம்: ஜப்பான் கணக்கா, சீனக் கணக்கா? புளியங்கொட்டை வைத்து ஒரு செய்முறை

தக்கலையில் ஆடி மழை பிடித்தால் ரெண்டு நாளைக்கு விடாது. போன வருஷம் அப்படி ஒரு மழையில், கரண்டும் போய், அக்கா மகனோடு வராந்தாவில் உட்கார்ந்து கோ ஆடினேன். கோடுகள் வெட்டும் இடங்களில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய் வைத்து, யார் அதிக இடம் வளைக்கிறார் என்று பார்க்கிற பலகை ஆட்டம் அது. ரெண்டு பேருமே செல்போனில் தனித்தனியாகக் கற்றவர்கள். எனக்கு வாய்த்தது ஜப்பான் விதி, அவனுக்குச் சீன விதி. அப்படி ரெண்டு இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. ஆட்டம் முழுக்க ஒரு தகராறும் இல்லை. கணக்கு முடிக்கும்போதுதான் வந்தது.

நான் கறுப்பு. ஜெயித்தாயிற்று என்று எண்ண ஆரம்பித்தேன். என் இடத்துக்குள்ளே அவனுடைய வெள்ளை ஒன்று தனியாகக் கிடந்தது. “அது செத்த காய்” என்றேன். “செத்துதுன்னா பிடிச்சுக் காட்டுங்க மாமா” என்றான். “இதுல என்ன மக்களே இருக்கு” என்று நாலு காய் வைத்துப் பிடித்தும் காட்டினேன். அப்புறம் எண்ணிப் பார்த்தால் அரைப் புள்ளியில் தோற்றிருந்தேன்.

அந்தக் கணக்கு எங்கே இடறியது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். காய் பிடிப்பது (சுற்றி அடைத்து எடுப்பது), ரெண்டு கண் (ஒரு கூட்டம் பிழைக்க உள்ளே வேண்டிய காலி இடங்கள்), கோ விதி (ஒற்றைக் காயை உடனே திருப்பிப் பிடிக்கக் கூடாது என்பது) இவை தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பலகை, காய்

முழுப் பலகை 19 கோட்டுக்கு 19 கோடு, மொத்தம் 361 இடம். கணக்குப் பழக அது வேண்டாம். 9 கோட்டுப் பலகை போதும், 81 இடம்தான். ஒரு ப்ளைவுட் துண்டில் பென்சிலால் கோடு போட்டாலே ஆயிற்று.

கறுப்புக்குப் புளியங்கொட்டை. வெள்ளைக்குச் சட்டைப் பட்டன். ரப்பர் விதையை எடுக்காதீர்கள். நம் பக்கம் மரத்தடியில் சும்மா கிடக்கிறதே என்று நானும் ஒரு பை நிறையப் பொறுக்கினேன். உருண்டு உருண்டு ஓடுகிறது, ஒரு தும்மலில் ஆட்டமே கலைந்துவிடும். ஜப்பானில் நல்ல வெள்ளைக் காயைச் சிப்பி ஓட்டில்தான் கடைவார்கள், ஹ்யூகா என்ற கடற்கரை ஊர் அதற்குப் பேர்போனது. கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளில் சிப்பி மாலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும். சரி, அது கிடக்கட்டும்.

காய் போட ரெண்டு சிரட்டை. பிடித்த காய் போட இன்னும் ரெண்டு. இந்த ரெண்டாவது ஜோடி ஜப்பான் கணக்குக்கு மட்டும்தான் வேண்டும். ஏன் என்று அடுத்த படியில்.

படி 2: ரெண்டு கணக்கும் என்ன எண்ணுகின்றன

ஜப்பான் கணக்கில் நீங்கள் வளைத்த காலி இடம், அதோடு நீங்கள் பிடித்த காய். பலகையில் நிற்கிற உங்கள் சொந்தக் காய்க்கு மதிப்பில்லை. அதனால்தான் பிடித்த காயைத் தனிச் சிரட்டையில் பத்திரப்படுத்த வேண்டும். என் மருமகன் பிடித்த புளியங்கொட்டையை எல்லாம் பழைய சிரட்டையிலேயே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கற்ற விதியில் அது தப்பே இல்லை.

சீனக் கணக்கில் நீங்கள் வளைத்த காலி இடம், அதோடு பலகையில் உயிரோடு நிற்கிற உங்கள் காய். பிடித்த காய்க்கு ஒன்றுமில்லை.

கேட்டால் ரெண்டும் வேறு வேறு ஆட்டம் மாதிரி இருக்கும். ஆனால் இருவரும் ஒரே எண்ணிக்கையில் காய் வைத்திருந்தால் வித்தியாசம் ரெண்டிலும் ஒன்றாகவே வரும். என் காய் ஒன்றை நீங்கள் பிடித்தால் ஜப்பான் முறையில் உங்களுக்கு ஒன்று ஏறுகிறது, சீன முறையில் பலகையில் எனக்கு ஒன்று குறைகிறது. அவ்வளவுதான்.

படி 3: நான் விழுந்த குழி

இதைப் படிப்பதோடு நிற்காமல் பலகையில் வைத்துப் பாருங்கள். 9 கோட்டுப் பலகையில் இடமிருந்து ஐந்தாவது நெடுக்குக் கோடு முழுக்கக் கறுப்பு, 9 காய். ஆறாவது கோடு முழுக்க வெள்ளை, 9 காய். யாரும் யாரையும் பிடிக்கவில்லை. அடுத்து வைக்க வேண்டியவர் கறுப்பு.

ஜப்பான் கணக்கு: கறுப்புக்கு 36 காலி இடம், வெள்ளைக்கு 27. வித்தியாசம் 9.

சீனக் கணக்கு: கறுப்பு 36-ம் 9-ம் 45. வெள்ளை 27-ம் 9-ம் 36. வித்தியாசம் அதே 9.

இப்போது கறுப்பு ‘பாஸ்’ சொல்கிறது, அதாவது காய் வைக்காமல் தன் முறையை விடுகிறது. வெள்ளை சும்மா இராமல் மூன்றாவது நெடுக்குக் கோட்டின் நடுவில் ஒரு காயைப் போடுகிறது. அந்தக் காய் பிழைக்க வழியே இல்லை. கறுப்பு கண்டுகொள்ளாமல் மறுபடி பாஸ் சொல்லி, வெள்ளையும் பாஸ் சொன்னால் ஆட்டம் முடிந்தது. ஜப்பான் முறையில் அந்தச் செத்த காயை எடுத்தால் கறுப்புக்கு 36-ம் 1-ம் 37, வித்தியாசம் 10. வெள்ளைக்கு 6.5 கோமி (இரண்டாவதாக வைப்பதற்கு ஈடான புள்ளி, படி 5-ல் வரும்) கொடுத்தாலும் கறுப்புக்கு 3.5 புள்ளியில் வெற்றி.

நான் அங்கே நிற்கவில்லை. அதைச் சுற்றி நாலு காய் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் மருமகன் பாஸ் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நாலாவது காயில் பிடித்தேன். இப்போது எண்ணுங்கள். 36 இடத்தில் நாலில் என் காயே உட்கார்ந்திருக்கிறது, மிச்சம் 32. பிடித்தது 1. மொத்தம் 33. வெள்ளைக்கு 27. வித்தியாசம் 6. கோமி 6.5. அரைப் புள்ளியில் தோல்வி!

இதையே சீன முறையில் எண்ணினால் 32 காலி இடமும் 13 காயும் சேர்ந்து 45. வெள்ளை 36. வித்தியாசம் அசையாமல் 9-லேயே நிற்கிறது. சொந்த இடத்துக்குள் வைத்த காய் காலி இடத்தைத் தின்கிறது, ஆனால் தானே ஒரு புள்ளியாக நிற்கிறது. அதனால்தான் அவன் விதியில் “பிடிச்சுக் காட்டு” என்று கேட்பது நியாயம், காட்டுகிறவருக்குக் காசு செலவில்லை.

ஜப்பான் விதியில் இந்தத் தகராறுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். இருவரும் பாஸ் சொன்ன பிறகு ஒரு காய் செத்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால், “இப்படி வைத்தால் என்ன ஆகும்” என்று வைத்துப் பார்க்கலாம். பார்த்து முடிந்ததும் பலகையைப் பழையபடி ஆக்கிவிட்டுத்தான் எண்ண வேண்டும். 1989-ல் திருத்திய ஜப்பான் விதியில் இது இருக்கிறது. நான் செய்தது என்ன? சீன முறையில் நிரூபித்து, ஜப்பான் முறையில் எண்ணினேன். ரெண்டு விதியும் தனித்தனியே சரி, கலந்தால்தான் நாசம்.

படி 4: யாருக்கும் இல்லாத இடம்

ரெண்டு பேர் எல்லைக்கும் நடுவில் யாருக்கும் சேராமல் நிற்கிற இடத்தை டாமே என்பார்கள். ஜப்பான் முறையில் அதற்கு மதிப்பு சுழியம். சீன முறையில் அங்கே வைக்கிற காய் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி.

ஜப்பான் முறை பழகினவர் இணையத்தில் சீன விதியில் ஆடினால், டாமேயை விட்டுவிட்டு பாஸ் சொல்லிவிடுவார். எதிராளி வரிசையாக நிரப்பிப் புள்ளி பொறுக்குவார். மூன்று டாமே மிச்சம் இருந்து உங்கள் முறை என்றால், மாறி மாறி நிரப்பினால் உங்களுக்கு 2, அவருக்கு 1. நீங்கள் பாஸ் சொல்லிக்கொண்டே இருந்தால் மூன்றும் அவருக்கு. ரெண்டு கணக்கும் ஒரு புள்ளியில் வேறுபடுவது பெரும்பாலும், டாமே எல்லாம் நிரம்பியபின் கறுப்பு வெள்ளையைவிட ஒரு காய் கூடுதலாக வைத்திருக்கும்போதுதான்.

படி 5: கோமி

முதலில் வைக்கிற கறுப்புக்கு அனுகூலம், அதற்கு ஈடாக வெள்ளைக்குக் கொடுப்பது கோமி. ஜப்பானிலும் கொரியாவிலும் 6.5, சீனாவில் 7.5. 2016-ல் சோலில் ஆல்ஃபாகோ நிரல் கொரிய வீரர் லீ சேடோலை 4-1 என்று ஜெயித்ததே, அந்த ஐந்து ஆட்டமும் சீன விதி, 7.5 கோமி.

ஏன் 7.5? சீன முறையில் 361-ம் ரெண்டு பேருக்கும் பங்காகிவிடும். 361 ஒற்றைப்படை. ஆகவே வித்தியாசமும் 5, 7, 9 என்று ஒற்றைப்படையாகவே வரும் (ஒன்றையொன்று பிடிக்க முடியாமல் கூட்டங்கள் மாட்டி நிற்கும் செகி இருந்தால் மாறலாம்). கோமி 5.5 என்றாலும் 6.5 என்றாலும் கறுப்புக்கு 7 தேவை, அதனால் ஏற்றினாலும் பலன் இல்லை. சீனா முன்பு வைத்திருந்த 5.5-லிருந்து நேராக 7.5-க்குத் தாவியது.

படி 6: கையால் எண்ணுவது

ஜப்பான் முறை: எதிராளியின் செத்த காயை எடுத்து, ஏற்கெனவே பிடித்ததோடு சேர்த்து, அவருடைய காலி இடத்திலேயே போட்டு நிரப்புங்கள். மிச்சத்தைச் சதுரம், செவ்வகமாக ஒதுக்கி எண்ணுங்கள்.

சீன முறை: செத்த காயை எடுத்துச் சிரட்டையில் போட்டுவிடுங்கள். ஒருவருடையதை எண்ணினால் போதும். காலி இடத்தைப் பத்து, இருபது என்று வரும்படி சொந்தக் காயால் நிரப்பியோ, உள்ளே கிடக்கிற காயை எடுத்தோ ஒழுங்குபடுத்தி எண்ணுங்கள். அப்புறம் பலகையில் நிற்கிற காயைப் பத்துப் பத்தாகக் குவியுங்கள். முதலில் காலி இடம், பிறகு காய். வரிசை மாறினால் எல்லை கலைந்துபோகும், மறுபடி எண்ண ஒன்றும் இருக்காது. முழுப் பலகையில் கறுப்புக்கு 185 இருந்தால் வெற்றி, 184 என்றால் தோல்வி. 361-ல் பாதி 180.5, கோமியில் பாதி 3.75, கூட்டினால் 184.25.

என் தேர்வு

புதிதாகப் படிக்கிறவருக்குச் சீன முறைதான். எந்தக் காய் செத்தது என்று சந்தேகம் வந்தால் ஆடித் தீர்த்துக்கொள்ளலாம், கணக்கு கெடாது. ஜப்பான் முறை எண்ணுவதற்கு அழகு, ஆனால் செத்ததையும் உயிரோடு இருப்பதையும் பார்த்ததும் சொல்லத் தெரிந்தவர்களுக்கு அது.

இணையத்தில் ஓஜிஎஸ் (ஆன்லைன் கோ சர்வர்) என்ற தளம் எனக்குப் பிடித்தது. ஆட்டம் உருவாக்கும்போதே விதியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆரம்பிக்கும் முன் அதையும் கோமியையும் ஒரு தடவை பாருங்கள். முடிவில் தளம் செத்த காய் என்று குறித்துக் காட்டுவதைக் கண்ணை மூடி ஏற்காதீர்கள், நீங்களே பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் இப்போது அமெரிக்க விதியில் ஆடுகிறோம். பாஸ் சொன்னால் எதிராளி சிரட்டையில் ஒரு காயைப் போட வேண்டும், கடைசி பாஸ் வெள்ளையுடையது. படி 3-ல் என் தோல்வியை இதில் ஆடிப் பாருங்கள். வெள்ளை ஐந்து தடவை பாஸ், கறுப்பு ரெண்டு தடவை. கறுப்புக்கு 32, பிடித்த 1, பாஸ் காய் 5, மொத்தம் 38. வெள்ளைக்கு 27-ம் 2-ம் 29. ஜப்பான் மாதிரி எண்ணியும் வித்தியாசம் 9.

பின்சேர்க்கை 1: செகியில் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டார். ரெண்டு கூட்டமும் ஒன்றையொன்று பிடிக்க முடியாமல் மாட்டி நிற்பது செகி. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு கண் இருந்தால் ஜப்பான் முறையில் அதற்குப் புள்ளி இல்லை. சீன முறையில் உண்டு, காய்க்கும் உண்டு.

பின்சேர்க்கை 2: மூலையில் வளைந்த நாலு (மூலைக்குள் நாலு இடம் வளைந்து அமைந்து, ஒரு கூட்டம் மாட்டிக்கொள்கிற வடிவம்) பற்றி இருவர் எழுதியிருந்தார்கள். ஜப்பான் விதியில் அந்தக் கூட்டம் செத்ததாகவே எடுக்கப்படும், ஆடிக் காட்டத் தேவையில்லை. சீன விதியில் ஆடியே தீர்க்க வேண்டும். பிடிக்கிறவர் முதலில் எதிராளியின் கோ மிரட்டல்களை (கோவில் திரும்பப் பிடிக்கும் முன், பதில் சொல்ல வைக்க வேறிடத்தில் வைக்கிற காய்களை) எல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, அப்புறம் உள்ளே இறங்குவார். அடைக்க வைக்கிற காய்க்குச் செலவில்லாததால் பெரும்பாலும் முடிவு ஒன்றுதான். செகியில் அடைக்க முடியாத மிரட்டல் ஒன்று இருந்தால் மட்டும் மாறும்.

பின்சேர்க்கை 3: கைகொடுப்புக் காய் (பழக்கம் குறைந்தவருக்கு ஆரம்பத்திலேயே பலகையில் வைக்கக் கொடுக்கும் கறுப்புக் காய்கள்) வைத்து ஆடுகிறவர்கள் கவனிக்க. சீன முறையில் அந்தக் காய்களும் பலகையில் நின்று புள்ளியாகின்றன. அதனால் எத்தனை காய் கொடுத்தீர்களோ அத்தனை புள்ளியை முடிவில் வெள்ளைக்குச் சேர்க்க வேண்டும். அமெரிக்க விதியில் சீன மாதிரி எண்ணினால் அதைவிட ஒன்று குறைவு. மருமகனுக்கு இப்போது நான் நாலு காய் கொடுத்து ஆடுகிறேன், இதைச் சேர்க்க மறந்து ரெண்டு ஆட்டம் அவனுக்குப் போய்விட்டது.