சிவப்புக் கொடி இறங்கிய பிறகு: டார்ட்மூர் ராணுவ நிலத்தில் முதல் தடவை நடக்கப் போகிறவர்களுக்கு

தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்துக்குக் கிளம்புகிற பலருக்கும் முதல் ஆசை ஹை வில்ஹேஸ் குன்று. 621 மீட்டர், தென் இங்கிலாந்திலேயே உயரமான இடம். பக்கத்திலேயே 619 மீட்டரில் யெஸ் டோர். இரண்டுமே ராணுவம் நிஜத் தோட்டாக்களால் சுட்டுப் பழகும் ஓக்ஹாம்ப்டன் ரேஞ்சுக்குள் இருக்கின்றன. இது எனக்கு, காரை நிறுத்திவிட்டு அறிவிப்புப் பலகையைப் படித்தபோதுதான் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் குன்றின் மேல் சிவப்பாக ஒரு கொடி: இன்று சுடுகிறார்கள், உள்ளே வராதே என்று பொருள். கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைக் காருக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினேன். உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.

படி 1: கிளம்புவதற்கு முன்பே அட்டவணை

பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் 'டார்ட்மூர் ஃபயரிங் டைம்ஸ்' என்று தேடுங்கள். ஓக்ஹாம்ப்டன், மெரிவேல், வில்ஸ்வொர்த்தி என்று மூன்று ரேஞ்சுகள். மூன்றுக்கும் தேதியும் நேரமும் தனித்தனியாக இருக்கும், ஒன்றில் சுடும் நாளில் இன்னொன்று திறந்திருக்கலாம். வார இறுதியிலும் ஆகஸ்ட் மாதத்திலும் பெரும்பாலும் சுட மாட்டார்கள். அதை நம்பி அட்டவணையைப் பார்க்காமல் போய்விடாதீர்கள். இரவிலும் சுடுவதுண்டு என்பதால் நேரத்தையும் கவனியுங்கள்.

படி 2: வரைபடம்

பிரிட்டிஷ் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் (டார்ட்மூருக்கு ஓஎல்28 என்ற எண்ணுள்ளது) 'டேஞ்சர் ஏரியா' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். உங்கள் பாதை அந்த எல்லையை எங்கே தொடுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: எல்லையில் நின்று பார்ப்பது

ரேஞ்சின் எல்லை நெடுக, சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்பங்கள் இருக்கும். வேலி கிடையாது. ஆடுகளும் மட்டக்குதிரைகளும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மேயும். அதைப் பார்த்து நாமும் நடந்துவிடுவோம். சுடும் நாளில் பகலில் குன்றுகளின் மேல் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு. அவை இருந்தால் கம்பத்தைத் தாண்டக் கூடாது. துப்பாக்கிச் சத்தமே கேட்கவில்லை என்றாலும்தான். மீறினால் சட்டப்படி குற்றம்.

மூடுபனி இறங்கினால் யெஸ் டோரே தெரியாது, கொடி எங்கே தெரியும்? அப்போது அட்டவணை சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் சந்தேகம் இருந்தால் எல்லைக்கு வெளியே நடக்க இடம் ஏராளம்.

படி 4: உள்ளே போன பிறகு, காலடி

புதிதாக வருகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கொடி இல்லை என்றால் இன்று சுடவில்லை, அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே பீரங்கிப் பயிற்சி நடக்கிறது. வெடிக்காமல் போன குண்டுகள் சதுப்பு மண்ணுக்குள் கிடக்கின்றன; மழையில் மண் கரையக் கரைய மேலே வருகின்றன.

நான் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். முழங்கை நீளம், துருப்பிடித்துப் பழுப்பேறி, பாதி மண்ணுக்குள். ஏதோ பழைய தண்ணீர்க் குழாய் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போகப் போக வால் பக்கம் சின்னச் சின்னத் தகடுகள் தெரிந்தன. வந்த வழியே பின்வாங்கினேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். தொடாதீர்கள், உதைக்காதீர்கள், குச்சியால் கிளறாதீர்கள். 'தொட்டுவிடாதே, வெடித்து உன்னைக் கொல்லக்கூடும்' என்ற பொருளில் பலகைகளிலேயே எழுதியிருக்கிறது. தள்ளி வந்த பிறகு வரைபடத்தின் கட்டங்களை வைத்து அந்த இடத்தின் எண்ணைக் குறித்துப் போலீசுக்குச் சொல்லுங்கள். ஆபத்து என்றால் பிரிட்டனின் அவசர எண் 999. சிக்னல் மோசமான இடம் இது. 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஆனால் கைபேசியை முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டிலேயே செய்துவிடுங்கள்.

டார்ட்மூரில் 'லெட்டர்பாக்ஸிங்' என்று ஒரு விளையாட்டு உண்டு: பாறை இடுக்கில் ஒளித்து வைத்த பெட்டியைத் தேடி, உள்ளே இருக்கும் முத்திரையைக் குத்திக்கொள்வது. 1854இல் கிரான்மியர் குளத்தருகே தொடங்கியது. அந்த இடமும் ரேஞ்சுக்குள்தான். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பார்க்காமல் இடுக்கில் கை விடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், தோண்டுகிற நாயாக இருந்தால் கட்டாயம்.

படி 5: சிப்பாய்கள் எதிர்ப்பட்டால்

சுடாத நாளிலும் பயிற்சி நடக்கும். வெற்றுத் தோட்டா, புகைக்குண்டு, திடீர்ச் சத்தம். பயப்பட ஒன்றுமில்லை; விலகி நின்று வழி விடுங்கள். அவர்கள் விட்டுப்போன எதையும் நினைவுப்பொருளாக எடுத்து வராதீர்கள்.

வேறு இடங்களுக்குப் போனால்

டார்ட்மூர் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள். இங்கே சுடாத நாளில் திறந்த வெளியில் விருப்பம்போல் நடக்கலாம். டோர்செட் மாவட்டத்தின் லல்வொர்த், டாங்கிகள் சுட்டுப் பழகும் இடம். அங்கே மஞ்சள் கம்பங்களுக்கு இடையிலுள்ள பாதையை விட்டு ஓரடிகூட விலகக் கூடாது. 1943 டிசம்பரில் ராணுவத்துக்காகக் காலி செய்யப்பட்ட டைன்ஹாம் கிராமம் அதற்குள்தான் இருக்கிறது. பெரும்பாலான வார இறுதிகளில் திறப்பார்கள். தேதியை அதே அரசு இணையதளத்தில் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.