லோடு வண்டி என்றால் டீசல்தானா? குட்டியானை வாங்கும்போது செய்கிற தவறுகள்

என் மச்சான் தண்ணீர் கேன் தொழில் செய்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் புது வண்டி எடுக்கும்போது, "பெட்ரோல் வண்டியில யாராவது லோடு அடிப்பாங்களா மாப்ள?" என்று கேட்டுவிட்டு டீசலுக்கே அட்வான்ஸ் கொடுத்தார். அவருடைய ஒரு நாள் ஓட்டம் மிஞ்சிப்போனால் 30 கிலோமீட்டர். அதிலும் தெருவுக்கு நாலு இடத்தில் நிறுத்தி, கேனை இறக்கி, மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டும். எட்டாவது மாதம் மீட்டர் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கேன் இறக்குகிற அவசரத்தில் அவர் கண்டுகொள்ளவில்லை. பத்து நாள் கழித்து, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி 40-ஐத் தாண்டவில்லை.

முதல் தவறு, டீசல்தான் மலிவு என்ற பழைய கணக்கு. 2005-ல் குட்டியானை என்று நாம் கூப்பிடுகிற டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். அப்போது அந்தக் கணக்கு சரி. 2012 மே மாதத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அது கரைந்துபோனது. 2024 மார்ச் விலைக்குறைப்புக்குப் பின் சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டி, டீசல் 92 சொச்சம்.

ஒரு பேச்சுக்கு, டீசல் வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டரும் பெட்ரோல் வண்டி 15-ம் கொடுக்கிறது, டீசல் வண்டியின் விலை ஒன்றரை லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு மிச்சம் 2 ரூபாய் சொச்சம். மாதம் 26 நாள், தினம் 30 கிலோமீட்டர் ஓடினால் மாதத்துக்கு 1,650 ரூபாய் போல மிஞ்சும். ஒன்றரை லட்சத்தை எடுக்க ஏழரை வருடம். அதே வண்டி தினம் 150 கிலோமீட்டர் ஓடினால் ஒன்றரை வருடத்தில் எடுத்துவிடலாம். லோன் வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை. உங்கள் வண்டி விலையையும் ஓட்டத்தையும் போட்டு, ஷோரூமுக்குப் போகும் முன்பே இந்தக் கணக்கைப் பாருங்கள்.

அடுத்தது, மச்சானைக் கவிழ்த்த தவறு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, டீசல் வண்டிகளின் சைலன்சர் பாதையில் பொதுவாக டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரியை அது பிடித்து வைக்கும். நிறைந்ததும் அந்தக் கரியை வண்டியே எரித்துத் தீர்க்க வேண்டும், ரீஜென் என்பார்கள். அதற்கு வடிகட்டிக்குள் சூடு சுமார் 600 டிகிரிக்கு ஏற வேண்டும். ஹைவேயில் லோடோடு ஓடுகிற வண்டிக்கு இது பெரிய விஷயமே இல்லை, டிரைவருக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும். தெருவுக்குள் நின்று நின்று போகிற வண்டியில் சூடு ஏறுவதற்குள் சாவியைத் திருப்பிவிடுவோம். ரீஜென் பாதியில் நிற்கும், கரி அப்படியே கிடக்கும், மறுநாள் அதன் மேல் இன்னும் கொஞ்சம் சேரும். மச்சான் வண்டியில் எரிந்த மஞ்சள் விளக்கு இதைத்தான் சொன்னது.

இதில் வெளியே தெரியாத கேடு ஒன்று உண்டு. சூட்டை ஏற்ற, பல வண்டிகளில் இன்ஜினே கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். ரீஜென் அடிக்கடி தொடங்கி அறுந்துபோனால், அந்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஆயில் அளக்கிற டிப்ஸ்டிக் கம்பியை உருவி மச்சான் மூக்குக்கிட்டே நீட்டினார். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது, தண்ணி மாதிரி ஓடியது, டீசல் வாடை. ஆயில் குறைந்தால் பயப்படுகிற நாம், கூடினால் சந்தோஷப்படுகிறோம்!

இந்த நிலையில் சிலர் செய்வது, வடிகட்டியை வெட்டி உள்ளே இருப்பதைக் குடைந்து காலி செய்வது. சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம்; சென்சார்கள் அப்புறம் சும்மா இருக்காது. விலை குறைவு என்று பழைய ரக ஆயிலை ஊற்றுவதும் இதே கதைதான். அதன் சாம்பல் வடிகட்டியில் தங்கும், கரி மாதிரி எரிந்து போகாது. மண்ணெண்ணெய் கலப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய பம்ப் இன்ஜின் எப்படியோ தாங்கியது, அதிக அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சுகிற இன்றைய காமன்ரெயில் இன்ஜெக்டர் தாங்காது.

சரி, அதற்காக எல்லாரும் பெட்ரோலுக்கு ஓட வேண்டுமா? அதுவும் தவறுதான். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிறவருக்கும், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு தினம் ஏறுகிறவருக்கும் டீசலை விட்டால் வேறு வழி குறைவு. இன்ஜின் குறைந்த வேகத்தில் சுற்றும்போதே இழுவை கிடைக்கும், கியரைக் கீழே தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம், முழு லோடில் மைலேஜ் அவ்வளவாக விழாது. ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் மாதிரி ஒரு டன்னுக்கு மேல் ஏற்றுகிற வண்டிகளில் டீசல் இன்னும் நிலைத்திருப்பது இதனால்தான். சின்ன வண்டிகளில் காற்று வேறு பக்கம் வீசுகிறது. 2016-ல் 793 சிசி டீசலோடு வந்த மாருதி சூப்பர் கேரி இப்போது பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும்தான் கிடைக்கிறது. சிஎன்ஜி எடுப்பவர்கள் மட்டும், உங்கள் ரூட்டில் பங்க் எத்தனை, அங்கே வரிசை எவ்வளவு நீளம் என்று ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு எடுங்கள்.

"டீசல் இழுக்கும்" என்ற நம்பிக்கையில் ஒன்றரை மடங்கு ஏற்றுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: பிரேக்கும் ஒன்றரை மடங்கு பிடிக்குமா? எவ்வளவு ஏற்றலாம் என்பது ஆக்சில், ஸ்பிரிங் பட்டை, டயர், பிரேக் எல்லாம் சேர்ந்த கணக்கு. 2019 சட்டத்திருத்தத்தில் ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மலை இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும் என்று நம்புவதும் ஆபத்து. எக்சாஸ்ட் பிரேக் (புகை வழியை அடைத்து இன்ஜினைப் பிடிக்கிற அமைப்பு) இல்லாத சின்ன டீசல் இன்ஜின் அப்படி ஒன்றும் இறுக்கிப் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

மச்சான் வண்டியை விற்கலாம் என்று பார்த்தார், லோன் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், கேன் இல்லாத வண்டியை மூன்றாவது கியரில் வைத்து பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறார். போகிற வழியில் நல்ல டீக்கடை இருக்கிறது. ஆனால் வடிகட்டி எரிந்து முடிகிற வரைக்கும் நிறுத்தக் கூடாதாம், திரும்பும்போதுதான் டீ.